வாயில்லா உயிரின் செவிநோய்

மனிதனுக்கு நோய் வந்தால் அவன் வாய் திறந்து சொல்லுகிறான். காது வலிக்கிறது என்று குழந்தை அழுதவுடனே வீட்டார் மருந்து தேடுகின்றனர். வீட்டைக் காக்கும் நாய்க்கோ அத்தகைய மொழி இல்லை. அது தன் துன்பத்தை உடலின் அசைவுகளால்தான் உணர்த்துகிறது. அவ்வசைவுகளின் பொருளை அறிந்தவர்க்கு அதன் துன்பம் விளங்கும். அறியாதவர்க்கு அது வெறுஞ்சேட்டையாகத் தோன்றும்.

நாய் அடிக்கடி தலையை உதறுகிறது. பின்காலைத் தூக்கிக் காதைச் சொறிகிறது. சுவரிலும் மிதியடியிலும் காதை வைத்துத் தேய்க்கிறது. காதைத் தொட்டால் முனகுகிறது, சில வேளை உறுமவும் செய்கிறது. "நாய் என்றால் சொறியத்தானே செய்யும்!" என்று பலர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. எப்போதோ ஒருமுறை சொறிவது இயல்பே. நாள்தோறும் அது தொடருமாயின், காதினுள் ஏதோ ஒரு கேடு நேர்ந்துள்ளது என்பதே பொருள். அரிப்பு என்பது நோயன்று, நோயின் அறிவிப்பு. அறிவிப்பை மட்டும் அடக்கிவிட்டு நோயை உள்ளே விட்டுவைப்பது, தீப்பற்றிய வீட்டில் புகையை மட்டும் விசிறி ஓட்டுவதை ஒக்கும்.

இந்நோயின் தன்மையை அறிவதற்கு முதலில் நாயின் செவி அமைப்பை அறிதல் வேண்டும். மனிதனின் செவித்துளை ஏறக்குறைய நேரானது. இரண்டரை சென்டிமீட்டர் நீளமே உடையது. நாயின் செவித்துளையோ அதனினும் நீண்டது. அது முதலில் கீழ்நோக்கி இறங்கி, பின்னர் ஒரு வளைவில் திரும்பி, உள்நோக்கிச் செல்கிறது. அவ்வழியின் முடிவில் மெல்லிய செவிப்பறை அமைந்துள்ளது. அதற்கு அப்பால் நடுச்செவியும், கேட்டலுக்கும் உடலின் சமநிலைக்கும் உரிய உட்செவியும் இருக்கின்றன. மனிதனால் நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியையே கேட்க இயலும்; நாயோ ஏறத்தாழ 45,000 அதிர்வுகள் வரை கேட்கவல்லது. இத்துணை நுட்பமான உறுப்பு, வளைந்த குழாயின் அடியில் மறைந்திருக்கிறது. அவ்வளைவே அதற்குக் காவல்; அதுவே அதற்கு இடரும் ஆகிறது. உள்ளே சென்ற நீரும் அழுக்கும் எளிதில் வெளியேறுவதில்லை.

ஆயினும் நலமான செவி தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும் ஆற்றல் உடையது. செவித்துளையின் உட்புறத் தோல், செவிப்பறையிலிருந்து வெளிப்புறமாக மெல்ல மெல்ல வளர்ந்து நகர்கிறது. அதனுடன் குறும்பியும் தூசும் வெளியே கொண்டுவரப்படுகின்றன. ஈரமோ, ஒவ்வாமையோ, உயிர்ப்பகையோ இவ்வேலையைக் கெடுக்கும்போதுதான் அரிப்புத் தோன்றுகிறது.

சென்னை கடற்கரை நகரம். மயிலாப்பூரும் அடையாறும் கடலை ஒட்டியவை. தியாகராய நகரும் கடலுக்குத் தொலைவில் இல்லை. ஆண்டின் பெரும்பகுதி இங்குக் காற்றில் ஈரம் மிகுந்திருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும். வெப்பமும் ஈரமும் கூடிய இடத்தில் பூஞ்சையும் நுண்ணுயிரும் தழைக்கும் என்பது யாவரும் அறிந்ததே. மழைக்காலத்தில் பெட்டிக்குள் மடித்து வைத்த துணியில் பூஞ்சை படர்வது போல, தொங்கும் காது மடலின் கீழும் அது படர்கிறது. தெருவில் திரியும் நாட்டு நாய்கள் பலவற்றிற்குக் காதுகள் நிமிர்ந்து நிற்பதால் உள்ளே காற்று புகுகிறது. லாப்ரடார், ஸ்பேனியல் முதலிய அயல்நாட்டு இனங்களுக்கோ காது மடல் மூடிபோல் தொங்குகிறது. ஆகவே அவற்றின் செவிக்குக் கூடுதல் கவனம் தேவை.

அறிகுறி ஒன்றாயினும் காரணம் பலவாகும். இதனை விளக்க, மூன்று வீடுகளில் மூன்று நாய்கள் ஒரே வகையாகத் தலையை உதறுகின்றன எனக் கொள்க.

முதலாவது, தியாகராய நகரின் அடுக்குமாடி வீடொன்றில் வளரும் லாப்ரடார். வாரந்தோறும் அதனைக் குளிப்பாட்டுகின்றனர். ஆனால் காதைத் துடைப்பதில்லை. அதன் காதினுள் தோல் சிவந்திருக்கிறது; பழுப்பு நிறப் பிசுக்குப் படிந்திருக்கிறது; புளித்த மாவைப் போன்ற வாடை வீசுகிறது. இஃது ஈரத்தால் பெருகிய பூஞ்சையின் வேலை.

இரண்டாவது, மயிலாப்பூரில் பூனைகளோடு கூடி விளையாடும் நாய்க்குட்டி. அதன் இரு காதுகளிலும் காப்பிப்பொடியைத் தூவியது போன்ற கருமையான அழுக்கு நிறைந்திருக்கிறது. இதற்குக் காரணம் காதுச் சிற்றுண்ணி. அரை மில்லிமீட்டர் அளவுகூட இல்லாத இவ்வுயிரி, முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைய ஏறத்தாழ மூன்று வாரம் கொள்ளும். ஒரு விலங்கிலிருந்து மற்றொன்றுக்கு எளிதில் தொற்றும். ஆகையால் நாய்க்கு மட்டும் மருந்திட்டால் போதாது. உடன் வாழும் பூனைகளுக்கும் மருந்திட வேண்டும்.

மூன்றாவது, அடையாற்றில் மாலைதோறும் புல்வெளியில் உலவும் நாய். காலையில் நலமாக இருந்த அது, உலவி வந்தவுடன் திடீரென ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து ஒரே காதைச் சொறிகிறது. ஆடையில் ஒட்டும் புல்லின் கூரிய விதை அதன் செவித்துளையில் நுழைந்துவிட்டது. அவ்விதையின் முட்கள் பின்னோக்கி அமைந்திருப்பதால் அஃது உள்நோக்கி நகருமேயன்றி வெளியே வாராது. அதனை மருத்துவரே கருவி கொண்டு எடுத்தல் வேண்டும்.

மூன்று நாய்களும் ஒன்றுபோலவே தலையை உதறின. ஆயினும் பூஞ்சைக்குரிய மருந்து புல்விதையை வெளியேற்றாது. சிற்றுண்ணிக்குரிய மருந்து பூஞ்சையை அழிக்காது. இம்மூன்றேயன்றி வேறு காரணங்களும் உள. காது மடலின் மடிப்பில் உண்ணிகள் ஒட்டிக்கொண்டு இரத்தம் உறிஞ்சும். சில நாய்களுக்கு உணவோ தூசியோ தெள்ளுப்பூச்சியின் கடியோ ஒவ்வாமையை உண்டாக்கும். அத்தகைய நாய் காதைச் சொறிவதோடு பாதங்களையும் ஓயாது நக்கும். ஒவ்வாமை நீங்காதவரை காதுநோய் மீண்டும் மீண்டும் வரும்.

காரணத்தை ஆராயாமல் கைக்குக் கிடைத்ததைக் காதில் ஊற்றுவதே பெருந்தவறு. ஒருவர் காய்ச்சிய எண்ணெய் விடச் சொல்வார். மற்றொருவர் மண்ணெண்ணெய் என்பார். இன்னொருவர் வீட்டில் மீந்திருக்கும் மனிதர்க்குரிய சொட்டு மருந்தை நீட்டுவார். எண்ணெய் அழுக்கையும் ஈரத்தையும் உள்ளேயே தங்கச் செய்யும். மண்ணெண்ணெய் புண்ணை எரிக்கும். காயத்தைக் கழுவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் மென்மையான தோலை உறுத்தும். செவிப்பறை கிழிந்திருக்குமாயின், சில மருந்துகள் உட்செவிவரை சென்று கேட்கும் ஆற்றலையே கெடுத்துவிடும். பஞ்சு சுற்றிய குச்சியோ அழுக்கை வெளியே எடுப்பதில்லை. வளைவிற்கு அப்பால் தள்ளி அடைத்துவிடுகிறது. அன்பினால் செய்யப்படும் உதவியும் அறிவோடு கூடாவிட்டால் தீங்காய் முடிகிறது.

கால்நடை மருத்துவர் செய்வது யாது? அவர் முதலில் ஒளி பொருந்திய கருவியைச் செவியினுள் செலுத்திச் செவிப்பறை நலமாக உள்ளதா என நோக்குகிறார். பின்னர்ச் சிறிது அழுக்கை எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்க்கிறார். பூஞ்சையா, நுண்ணுயிரா, சிற்றுண்ணியா என்பது அங்கே தெளிவாகிறது. அதன் பின்னரே மருந்து. குறித்த நாள் முழுவதும் அம்மருந்தை இடுதல் வேண்டும். இரண்டு நாளில் அரிப்பு நின்றுவிட்டது என்று மருந்தை நிறுத்தினால், எஞ்சிய கிருமி மீண்டும் பெருகும்.

இத்தகைய மருத்துவக் கல்விக்குச் சென்னை நெடுங்காலமாக இருப்பிடமாய் விளங்குகிறது. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903ஆம் ஆண்டு சைதாப்பேட்டையில் தொடங்கப்பெற்றுப் பின்னர் வேப்பேரிக்கு மாறியது. 1989இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தோன்றியபோது, அக்கல்லூரி அதன் உறுப்பாயிற்று. மாட்டுக்கும் குதிரைக்கும் மருத்துவம் பார்ப்பதே கால்நடை மருத்துவம் என்ற நிலை மாறி, வீட்டு நாயின் செவி நோயும் அங்கு நுணுகி ஆராயப்படுகிறது.

நோயற்ற செவியைப் பேணுவதற்கு வீட்டார் செய்யத்தக்கவை எளியன. வாரம் ஒருமுறை காது மடலைத் தூக்கிப் பார்த்தல் வேண்டும். நலமான காதின் உட்புறம் வெளிர் நிறமாயிருக்கும், வாடை வீசாது. குளித்த பின்பும், கடல்நீரில் நனைந்த பின்பும், காது மடலின் உட்புறத்தை மெல்லிய துணியால் ஒற்றி உலர்த்துதல் வேண்டும். மருத்துவர் குறித்த செவி கழுவும் நீர்மத்தைப் பயன்படுத்தும்போது, அதனைத் துளையில் விட்டுக் காதின் அடிப்பகுதியை மெல்லப் பிசைதல் வேண்டும். பின்னர் நாயைத் தலையை உதற விட்டால் அழுக்கு மேலே வரும். கண்ணுக்குத் தெரியும் அழுக்கை மட்டும் பஞ்சினால் துடைத்தல் போதும். விரல் எட்டாத இடத்தை நாடுதல் கூடாது. நலமான செவியை ஓயாது கழுவுவதும் தீதே. உண்ணி ஒட்டியிருந்தால், சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மெல்ல இழுத்தல் வேண்டும். நசுக்குதலும் சுடுதலும் ஆகா.

அரிப்பைப் புறக்கணித்தால் விளைவது என்ன? ஓயாத உதறலால் காது மடலின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அறுபட்டு, உள்ளே குருதி தேங்கும். மடல் பணியாரம்போல் உப்பும். நோய் நடுச்செவியைத் தாண்டி உட்செவியை அடைந்தால், நாய் தலை சாய்ந்து தள்ளாடும், செவிடாகவும் கூடும். ஒரு சில நாளில் தீர்ந்திருக்க வேண்டிய சிறுநோய், அறுவை மருத்துவம் வரை சென்றுவிடும்.

மற்றொரு விளைவும் உண்டு. காது நோகும் நாயின் தலையைக் குழந்தை அன்போடு தடவுகிறது, நாய் சீறுகிறது. "நன்றி கெட்ட நாய்" என்று வீட்டார் அதனை அடிக்கின்றனர். சிலர் தெருவில் விட்டுவிடுகின்றனர். அதுவரை சாதுவாயிருந்த நாய் திடீரெனச் சீறினால், அடிப்பதற்கு முன் அதன் காதை நோக்குதல் வேண்டும். அதன் சீற்றம் குணக்கேடாக இராது. வலியின் குரலாக இருக்கலாம்.

தெரு நாய்க்குக் காது நோய் கண்டால், அதன் மீது இரக்கம் கொள்ளும் மாணவர் தாமே அதனைப் பிடித்து மருந்திட முயலுதல் கூடாது. வலியுற்ற நாய் கடிக்கும். வெறிநோய் உயிரைப் பறிக்கும். நாய் கடித்தாலோ கீறினாலோ, அவ்விடத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ளுதல் வேண்டும். நோயுற்ற நாயைப் பற்றிப் பெரியவர்களுக்குத் தெரிவிப்பதே மாணவர் செய்யத்தக்க உதவி. அவர்கள் விலங்கு நல அமைப்புகளுக்குச் செய்தி அனுப்புவர். சென்னையில் கேப்டன் சுந்தரம் நிறுவிய புளூ கிராஸ் அத்தகைய அமைப்புகளுள் ஒன்று. தெரு நாய்கள் சிலவற்றின் காதில் சிறு வெட்டு ஒன்று காணப்படும். அது புண்ணன்று, கருத்தடை செய்யப்பட்ட நாய் என்பதைக் காட்டும் அடையாளம்.

வாயில்லா உயிர்களுக்காக நாடாளுமன்றத்தில் வாதாடியவரும் இந்நகரத்தவரே. அடையாற்றில் 1936இல் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி, 1952இல் மாநிலங்களவை உறுப்பினரானார். விலங்குகளுக்குக் கொடுமை இழைப்பதைத் தடுக்கும் மசோதா ஒன்றை அவர் அவையில் கொண்டுவந்தார். அம்முயற்சியின் பயனாக 1960இல் விலங்கு வதைத் தடைச் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின்படி 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்திற்கு அவரே முதல் தலைவரானார்.

சட்டம், கொடுமை செய்யும் கையைத் தடுக்கும். ஆனால் துன்பத்தைக் காணும் கண்ணைச் சட்டத்தால் அளிக்க இயலாது. அதனை ஒவ்வொருவரும் தாமே பழகிப் பெறுதல் வேண்டும். வாயில் ஓரத்தில் ஒரு நாய் தலையை உதறிக்கொண்டிருக்கிறது. அதனைக் கடந்து செல்வோர் பலர். நின்று நோக்கி, காரணத்தை ஆராய்ந்து, தக்கவரிடம் கொண்டு செல்பவரே அந்நாயின் உண்மையான உறவினர் ஆவர்.