இரண்டாம் நாள் காட்டும் உண்மை

ரத்தப் பரிசோதனை நார்மல், டிரெட்மில் டெஸ்ட்டும் நார்மல். ஆனாலும் குளித்துவிட்டு வந்தாலே படுக்க வேண்டியிருக்கிறது. நாள்பட்ட சோர்வு நோய்க்குறி உள்ள பலரின் நிலை இதுதான். உடம்பையோ மூளையையோ சற்றுக் கூடுதலாக வருத்தினால் பல மணி நேரம் கழித்தோ மறுநாளோ எல்லா அறிகுறிகளும் தீவிரமாகும். இதுவே இந்நோயின் முக்கிய அடையாளம். மறுநாள் வரும் சரிவை ஒரே நாளில் முடியும் பரிசோதனை எப்படிக் காட்டும்?

அதனால்தான் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஸ்டேசி ஸ்டீவன்ஸ், கிறிஸ்டோபர் ஸ்னெல், மார்க் வான்நெஸ் ஆகியோர் 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்தார்கள். நோயாளி முகக்கவசம் அணிந்து நிலைச் சைக்கிளை மிதிப்பார். பளு படிப்படியாக ஏறும். உள்ளே போகும் ஆக்சிஜனையும் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடையும் கருவி அளக்கும். 2013இல் வெளியான அவர்களின் ஆய்வில் 51 நோயாளிகளும், உடலுழைப்புக் குறைவான ஆரோக்கியமானவர்கள் 10 பேரும் பங்கேற்றனர். முதல் நாளில் இரு தரப்புக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரண்டாம் நாளில் நோயாளிகளின் அளவுகள் தெளிவாகக் குறைந்திருந்தன.

இந்தச் சோதனையின் அறிக்கையில் மூன்று எண்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடுக்கும் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதம். இது 1.1ஐத் தொட்டால் அவர் முழு முயற்சியோடு மிதித்தார் என்று பொருள். "வேண்டுமென்றே மெதுவாக மிதித்தார்" என்ற சந்தேகத்துக்கு அதன்பின் இடமில்லை. இரண்டாவது, உடல் எடுத்துக்கொள்ளும் உச்ச ஆக்சிஜன் அளவு. ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லி லிட்டர் என்று இதைக் குறிப்பார்கள்.

மூன்றாவதுதான் அன்றாட வாழ்வுக்கு மிக நெருக்கமானது: காற்றில்லா எல்லை. இதற்குக் கீழே, ஆக்சிஜனைக் கொண்டு உடல் உருவாக்கும் ஆற்றலே வேலைக்குப் போதும். இதைத் தாண்டினால் லாக்டேட் சேரத் தொடங்கும், மூச்சு வேகமெடுக்கும். இரண்டாம் நாளில் இந்த எல்லை முன்னதாகவே, குறைந்த வாட் அளவிலேயே வந்துவிட்டால், முதல் நாள் எளிதாகச் செய்த வேலை இன்று வரம்பு மீறிய உழைப்பாகிவிட்டது என்று அர்த்தம். வெறும் பயிற்சிக் குறைவு என்றால் இரண்டு நாள் அளவுகளும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். இந்தச் சரிவு எல்லா நோயாளிகளிடமும் ஒரே அளவில் தெரியாது. ஆகவே சரிவு தெரியாததை வைத்து நோயே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

காற்றில்லா எல்லையைத் தொட்டபோது இதயம் எத்தனை முறை துடித்தது என்று மருத்துவரிடம் கேளுங்கள். துடிப்பை அதற்குக் கீழேயே வைத்துக்கொண்டு வேலைகளைப் பிரித்துச் செய்ய அது உதவும். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும்.

இந்தச் சோதனையே உடம்பை வெகுவாக வருத்தும். பழைய நிலைக்குத் திரும்ப நோயாளிகளுக்கு வாரக்கணக்கில்கூட ஆகலாம். நோயைக் கண்டறிய இது கட்டாயமில்லை என்று அமெரிக்க மருத்துவ நிறுவனம் 2015இலேயே கூறிவிட்டது. படுத்த படுக்கையாக இருப்பவரை இதற்கு உட்படுத்தவே கூடாது. படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியைச் சிகிச்சையாகத் தர வேண்டாம் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸும் 2021இல் அறிவித்தது. முதல் நாள் அறிக்கையை மட்டும் பார்த்து "நடந்தால் சரியாகிவிடும்" என்பவர்கள், நோயாளியிடம் இருக்கும் சக்தியையும் பறிக்கிறார்கள்.