தலவில: திருவிழா முடிந்த பிறகு?

தலவில பக்கம் கடை போட்ட நாள் தொட்டு மார்ச்சையும் ஆகஸ்டையும்தான் நம்பியிருந்தேன். புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு வரும் சனம் மரநிழலில் கூடாரம் அடித்துத் தங்கும். பாய், வாளி, சீனி, பருப்பு எல்லாம் விற்றுத் தீரும். பிறகு ஈ ஓட்டுவதுதான்.

ஆனால் சகோதரர்களே, கடலும் காற்றும் வேறு கணக்கு வைத்திருக்கின்றன. நவம்பர் முதல் மார்ச் வரை கற்பிட்டிக் கடலில் டொல்பின் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். மே முதல் ஒக்டோபர் வரை தென்மேல் காற்றில் பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் சறுக்குகிறவர்கள் வருகிறார்கள். ஒல்லாந்தர் 1667இல் கட்டத் தொடங்கிய கோட்டையும், வில்பத்துக் காடும் வேறு இருக்கின்றன.

ஒருநாள் வெள்ளைக்காரச் சோடியொன்று வெயிலுக்குப் பூசும் கிறீம் கேட்டது. என்னிடம் இருந்தது மெழுகுதிரி! "இரவில் நல்ல மீன் எங்கே சாப்பிடலாம்?" என்றார்கள். அதற்கும் பதிலில்லை. வந்த காசு வந்த வழியே போனது.

இரவு வியாபாரமென்றால் மதுதான் என்று நம்மவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். ஏன்? டொல்பின் படகு காலையிலேயே புறப்படும். அதில் போகிறவர் நேரத்தோடு படுக்கிறவர். சுட்ட மீன், இறால், றொட்டி, பிளேன்டீ போதாதா? விலையை மட்டும் பலகையில் எழுதி வையுங்கள், ஆளைப் பார்த்து விலை சொல்ல வேண்டாம்.

வருகிற நவம்பரில் என் கடை முன்னால் நாலு மேசை போடுகிறேன், இன்ஷா அல்லாஹ்.