விரிதாளும் அறிவித்தற் பலகையும்

தட்டச்சும் ஸ்ரென்சிலும் றோணியோப் பொறியும் வழங்கிய காலத்திலே பயின்ற பழைய மாணவர் நன்கறிவர்: ஒரு பெயர்ப் பட்டியலை அறிவித்தற் பலகையில் இடவேண்டுமாயின், எழுதுவினைஞர் பெரிய பதிவேட்டை அருகில் விரித்து வைத்துக்கொண்டு, வேண்டியவற்றை மட்டும் ஸ்ரென்சில் தாளிற் பொறிப்பார். பொறியாதது பிரதியில் வாராது. எதை வெளியிடுவது, எதை விடுப்பது என்னும் தெரிவு அவர் விரல் நுனியிலேயே நிகழ்ந்தது.

இன்று அப்பதிவேடே கணினிக்குள் விரிதாளாகப் புகுந்துவிட்டது. 1979இல் டான் பிரிக்லின், பொப் பிராங்ஸ்ரன் என்னும் அமெரிக்கர் இருவர் வெளியிட்ட விசிகல்க் என்பதிலே வேரூன்றிய இம்முறை, 1985இல் தோன்றிய எக்செல் வாயிலாக எங்கும் பரந்தது. கணினிக்கோ அவ்வெழுதுவினைஞரின் விவேகம் இல்லை. நாம் எல்லை கூறாவிடின், தாளில் எழுத்துள்ள பகுதி முழுவதையும் அச்சிட்டுத் தந்துவிடும்.

இதனால் நேர்வது தாட்செலவு மட்டுமன்று. 2009இல் யுத்தம் முடிந்து, செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் 2012இல் மூடப்படும்வரை மக்கள் படிப்படியாக மீளக் குடியமர்ந்த காலந்தொட்டு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் வீடு, விதைநெல், புலமைப்பரிசில் எனப் பல காரியங்கள் பட்டியல் வழியாகவே நடந்து வந்தன. சில ஆண்டுகளின் முன், நான் தொண்டாற்றிய ஒரு சங்கம் உதவிபெறும் மாணவரின் பட்டியலைப் பலகையில் இட்டது. பெயரும் வகுப்புமே ஊரார்க்கு வேண்டியவை. ஆயின் வலப்புறத்து நிரல்களும் கூடவே அச்சாகிவிட்டன: தந்தை காணாமற் போனவர் என்ற குறிப்பு, மாத வருமானம், தாயின் அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி. ஒரு சிறுமி அதனைத் தோழியர் முன்னிலையில் வாசித்துக்கொண்டு நின்றாள். அத்தாளை அச்சிட்டுத் தொங்கவிட்டவன் நானே.

அடையாள அட்டை இலக்கமும் வெறும் இலக்கமன்று. புதிய அட்டையின் 12 இலக்கங்களில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாயின் அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். தனியாள் விவரங்களைக் காத்தற்கென 2022இல் 9ஆம் இலக்கச் சட்டமும் நமது பாராளுமன்றத்தில் நிறைவேறியுள்ளது.

முறை எளிதே. எக்செலில் வேண்டிய கலங்களைத் தெரிந்து, பேஜ் லேஅவுட் என்னும் பகுதியிலே பிரின்ட் ஏரியாவை அழுத்தி, செற் பிரின்ட் ஏரியா எனக் கட்டளையிடுக. அதுவே அச்சிடும் பரப்பு. கோப்பைச் சேமிக்கும்போது அதுவும் சேமிக்கப்படும். லிபர் ஒபிஸ் கல்க் பயன்படுத்துவோர் போர்மற் பட்டியிலுள்ள பிரின்ட் றேஞ்சஸ் என்பதில் இதனைச் செய்யலாம்.

இங்கேதான் கண்ணி இருக்கிறது. 40 நிரைகளுக்குப் பரப்பு வகுத்தபின், 41ஆவது பெயரை அடியிலே சேர்த்தால், அது பரப்புக்குப் புறத்தே நிற்கும். திரையில் தெரியும், தாளில் வாராது. கூடுதலாக அச்சிட்டமை ஒரு குடும்பத்தை நாணச் செய்தது. குறைவாக அச்சிட்டாலோ இன்னொரு பிள்ளையின் உரித்தே மறைந்துவிடும். பலகையில் தம் பெயரைக் காணாத வறியோர் பலர் கந்தோருக்குச் சென்று வினவுவதில்லை, பேசாது திரும்பிவிடுவர்.

ஆதலின் தனிக் கலங்களை விடுத்து, மேலேயுள்ள ஏ, பி, சி என்னும் நிரற் பெயர்களையே தெரிந்து பரப்பை வகுப்பது நன்று. நிரைகள் எத்துணை பெருகினும் எழுத்துள்ள கடைசி நிரை வரை அச்சாகும். இதற்கு, வெளியிடத்தக்கவற்றை இடப்புறத்திலும் ஏனையவற்றை வலப்புறத்திலும் முதலிலேயே ஒழுங்குசெய்தல் வேண்டும். மறைக்கவேண்டிய நிரல் இடையில் அகப்பட்டால், அதனை ஹைட் என்னும் கட்டளையால் மறைத்தபின் அச்சிடுக. இருபுறத்தையும் தனித்தனிப் பரப்புகளாகத் தெரிந்தால், ஒவ்வொன்றும் வெவ்வேறு பக்கத்தில் அச்சாகிப் பெயர் ஓரிடமும் வகுப்பு ஓரிடமுமாகக் கிடக்கும்.

பக்கங்கள் பலவாயின், தலைப்பு நிரையை ஒவ்வொன்றிலும் வரச்செய்யப் பிரின்ட் ரைற்றில்ஸ் உண்டு. அகலத்தை ஒரு பக்கத்துள் அடக்கும் வசதியும் உண்டு. ஆயின் இருபது நிரல்களை ஏ4 தாளில் அடக்கினால் எறும்பும் மூக்குக்கண்ணாடி தேடும்.

அச்சிடும் பரப்பு அச்சுக்கு மட்டுமே வேலி என்பதையும் மறத்தலாகாது. கோப்பையே வட்ஸ்அப்பில் அனுப்பினால், பெறுவோர் மறைத்த நிரலை எளிதில் விரித்துவிடுவர். வெளியார்க்கு அதனைப் பீடிஎப் ஆக மாற்றி அனுப்புக. வகுத்த பரப்பு மட்டுமே அதிற் செல்லும்.

தாள் பலகைக்குச் செல்லுமுன், அதிலுள்ள பெயர்களை எண்ணி விரிதாளுடன் ஒப்பிடுவது இப்போது என் வழக்கம். சென்ற தடவை 63 இருக்கவேண்டிய இடத்தில் 62 இருந்தன. பழைய கோப்பிலே முன்னையோர் வகுத்த பரப்பு மாறாது கிடந்தது. விடுபட்டது, முதல்நாள் மாலை தாயொருவர் நேரில் வந்து பதிவித்த பெயர்.