பேருந்துப் பயணமும் பல்கலைக்கழக வாழ்வும்

ஒவ்வோர் ஆண்டும் செப்டெம்பர் மாதம் பிறந்ததும் எமது வகுப்பறைகளில் சில நாற்காலிகள் வெறுமையாகிவிடும். பன்னிரண்டாம் தரத்தை நிறைவுசெய்த பிள்ளைகள் பல்கலைக்கழகம் புகுந்துவிட்டனர் என்பது அதன் பொருள். பெற்றோர்க்கு அது பெருமை, எமக்கும் பெருமையே. ஆயினும், அதன் பின்னர் அப்பிள்ளைகளின் நாள் எவ்வாறு கழிகின்றது, அந்நாளில் கலைக்கும் மொழிக்கும் எவ்விடத்தில் இடம் கிடைக்கின்றது என்பவற்றை நாம் அறிந்திருக்கின்றோமா? "எந்நேரமும் வெளியில்; வீட்டுக்கு வந்தாலோ கையில் தொலைபேசி" என்று அன்னையர் குறைப்படுவதை அடிக்கடி கேட்கின்றோம். ரொறன்ரோ மாநகரில் பயிலும் தமிழ் மாணவர் ஒருவரின் நாளைச் சற்று அருகில் நின்று நோக்கினால், அக்குறையில் பாதி உண்மை இருப்பதும் மீதிப் பாதி நமது அறியாமை என்பதும் புலப்படும்.

நம் பிள்ளைகளிற் பலர் விடுதியில் தங்குவதில்லை. விடுதிக் கட்டணம் ஒரு காரணம். பிள்ளை கண்முன்னே இருக்கவேண்டும் என்னும் நமது விருப்பம் மற்றொரு காரணம். இவ்விரண்டின் விலையையும் பயணமாகச் செலுத்துபவர் மாணவரே. கிழக்கு ஸ்காபரோவிலிருந்து யோர்க் பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். பேருந்தில் ஏறிக் கென்னடி நிலையம் அடைந்து, அங்கிருந்து சுரங்க ரயிலில் மேற்கே சென்று, சென் ஜோர்ஜ் நிலையத்தில் மாறி, மீண்டும் வடக்கே செல்லவேண்டும். பல்கலைக்கழக வாசல்வரை ரயில் சென்றது 2017 டிசெம்பரிலேதான். அதற்கு முன் கடைசித் துண்டுக்கும் பேருந்தே கதி. ஸ்காபரோவினுள் 1985 முதல் ஓடிய இலகு ரயிலோ, 2023 யூலையில் அதன் கடைசிப் பெட்டி தடம்புரண்டதோடு நின்றுபோயிற்று; அதன் பயணிகளும் பேருந்துக்கே வந்து சேர்ந்தனர். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. மாசி மாதத்துப் பனிப்பொழிவில் அது எவ்வளவாகும் என்பதைத் தரிப்பிடத்தில் நின்று விறைத்தவரே அறிவர்.

இதனைத் துன்பமாக மட்டும் எண்ணிவிடலாகாது. இம்மாணவிக்குத் தனக்கென்று வாய்க்கும் நேரம் இதுவே. பாட்டுக் கேட்பதும், நாடகத் தொடர் பார்ப்பதும், வாசிப்பதும், உறங்குவதும் இவ்விருக்கையிலேதான். முதற் கட்டணம் செலுத்திய இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் மீண்டும் செலுத்தவேண்டியதில்லை என்னும் முறை 2018இல் வந்தபின், வழியில் இறங்கி ஒரு நூலகத்தினுள் நுழைந்து திரும்புவதும் எளிதாயிற்று.

வகுப்பு நேரம் பற்றியும் ஒரு சொல். வாரத்துக்குப் பதினைந்து மணி நேரமே விரிவுரை என்றதும், "மிச்ச நேரம் என்ன செய்கின்றாய்?" என்று தந்தையர் வினவுவர். காலை முதல் இரவு வரை ரியூசன் வகுப்புகளில் ஊறி வளர்ந்த தலைமுறைக்கு இவ்வினா இயல்பே. இங்கோ விரிவுரை வாயில் மட்டுந்தான். வாசிப்பும் கட்டுரையும் குழு வேலையும் அதனினும் கூடுதல் நேரத்தை விழுங்கும். போதாதற்குப் பகுதிநேர வேலையும் உண்டு. 2019இல் ஒன்ராறியோ அரசு மாணவர் நிதியுதவியில் திருப்பிச் செலுத்த வேண்டாத பங்கைக் குறைத்தபின், கோப்பிக் கடையிலோ பல்பொருள் அங்காடியிலோ நிற்கும் மணித்தியாலங்கள் பல வீடுகளில் தவிர்க்க முடியாதனவாயின.

இவற்றுக்கிடையே கலையா என்று கேட்கலாம். நாம் கண்டவரையில், கலை ஈடுபாடு குறைவதில்லை. அதன் வடிவந்தான் மாறுகின்றது. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகம் 1964இல் தோற்றம் பெற்றது. பின்னாளில் சி.என். கோபுரத்தின் வடிவமைப்பிலும் பங்கேற்ற ஜோன் அன்ட்ரூஸ் என்பவர், குளிர்காலத்தை மனங்கொண்டு, கட்டடத்தினுள்ளேயே ஒரு தெரு ஓடுவதுபோல அங்கு நடைபாதைகளை அமைத்தார். இத்தகைய நடைபாதைகளிலேதான், மாலை வகுப்புகள் முடிந்தபின், கண்ணாடி யன்னலே நிலைக்கண்ணாடியாக, தமிழ் மாணவர் மன்றத்தினர் ஆண்டு விழாவுக்கு ஆடிப் பழகுகின்றனர். பரத நாட்டியமும் திரைப்பாடலும் சொல்லிசையும் கலந்த அந்நிகழ்ச்சிகளைப் பார்த்து முகஞ்சுளிப்போர் நம்முள் உளர். தாயகத்துப் பிள்ளைகளின் கல்விக்கென அவ்வரங்குகளில் சேரும் நிதியை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

நகரமும் இளையோருக்குக் கை கொடுக்கின்றது. ஒன்ராறியோ ஓவியக் கூடம் 2019 முதல் இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டோரிடம் நுழைவுக் கட்டணம் அறவிடுவதில்லை. நூறு கிளைகள் கொண்ட ரொறன்ரோப் பொது நூலகத்திலே தமிழ் நூல்களும் உள்ளன. 30 இலட்சம் டொலர் திரட்டப்பட்டு, 2021இல் ஸ்காபரோ வளாகத்துக்குத் தமிழ் இருக்கையும் கிடைத்துள்ளது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் என்னும் தளத்தைப் பேருந்தில் இருந்தவாறே திறக்கலாம்.

திறக்கலாம், வாசிக்க முடியுமா என்பதே வினா. எம்மிடம் பயின்று அரங்கேற்றமும் கண்ட பிள்ளைகள் சிலர், தாம் ஆடிய வர்ணத்தின் சாகித்தியத்தை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்தே மனனஞ் செய்தனர் என்பதை நாம் அறிவோம். எழுத்துத் தெரியாதவர்கள் அல்லர். ஒரு பக்கத்தை வாசிக்கப் பதினைந்து நிமிடம் எடுக்குமாயின், எவர்தான் எழுத்தை நாடுவர்? பாடநூலின் சிறு பத்திகளுக்கும் ஒரு முழுச் சிறுகதைக்கும் இடையே படிக்கட்டு ஒன்று இல்லை. உயர்தரத் திறமைச்சித்தி வகுப்பு முடிந்ததும் பிள்ளை அந்த இடைவெளியின் விளிம்பிலேயே நின்றுவிடுகின்றது.

வேடிக்கை யாதெனில், கேள்விகள் பிறப்பது அதன் பிறகே. பன்னிரண்டு வயதில் கொட்டாவி விட்டுக் கேட்ட பாடத்தைப் பத்தொன்பது வயதில் அவர்களே தேடி வருகின்றனர். சிற்றுண்டிச்சாலையில் கொரிய நண்பியோ கரீபிய நண்பனோ "இந்தப் பாட்டுக்கு என்ன பொருள்?" என்று வினவும்போது விடை தெரியாமல் விழித்த அனுபவத்தை எம்மிடம் கூறியவர் ஒருவரல்லர். 1983ஆம் ஆண்டு பற்றி வீட்டில் எவரும் பேசுவதில்லை, எங்கே வாசிக்கலாம் என்று கேட்டவர்களும் உளர்.

அக்கேள்வியோடு அவர்கள் எங்கே செல்வது? மேனிலைப் பள்ளி மாணவர் நாற்பது மணி நேரச் சமூகத் தொண்டு செய்தாலே சான்றிதழ் பெறலாம் என்னும் விதி 1999 முதல் ஒன்ராறியோவில் உள்ளது. அத்தொண்டுக்காக எமது பாடசாலைக்கு வந்து சிறுவருக்கு உதவும் மாணவர் பலர். நாற்பதாவது மணி நேரத்துக்குக் கையொப்பம் இட்டுக் கொடுக்கின்றோம், நன்றி கூறுகின்றோம், அத்தோடு அனுப்பிவிடுகின்றோம். மறுபடி வருக என்று ஒருவரையும் நாம் அழைத்ததில்லை என்பதை இங்கு ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

ஆகவே இவ்வாண்டு முதல், சனிக்கிழமை பிற்பகல்களில் ஓர் அறையைத் திறந்து வைக்கத் தீர்மானித்துள்ளோம். பாடத்திட்டம் இல்லை, பரீட்சை இல்லை, வருகைப் பதிவும் இல்லை. மேசைமீது சிறுகதைத் தொகுதிகள் சில இருக்கும், உரத்து வாசிக்க ஓர் ஆசிரியர் இருப்பார், தேநீரும் உண்டு. வேலை முடிந்து நான்கு மணிக்கு வருபவரும் வரலாம், பேருந்து பிந்தி ஐந்து மணிக்கு வருபவரும் வரலாம்.