உரிமம் தேவையில்லை, உரிமையும் இல்லை: எல்லையோரப் பெயிண்டிங் மேஸ்திரிகளின் நிலை

புது தில்லி: வீடுகளுக்கு வண்ணம் பூசும் ஒப்பந்தத் தொழிலைத் தொடங்க இந்தியாவில் தனி உரிமம் எதுவும் தேவையில்லை. ஏணி, சாரம், தூரிகை, நம்பிக்கையான நான்கு ஆள்கள் இருந்தால் போதும். ஒருவர் மேஸ்திரி ஆகிவிடலாம். சிறு தொழிலாளிக்குக் கிடைத்த சுதந்திரமாக இது தோன்றும். ஆனால், தில்லியில் இயற்றப்பட்ட சட்டங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், உரிமம் கேட்காத அதே இடத்தில் பாதுகாப்பும் நின்றுபோவது புலப்படும்.

இதைத் தெளிவாக உணர்த்தும் ஊர், தமிழக எல்லைக்கு அருகில் உள்ள வரதய்யபாளையம். ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இந்த மண்டலம், 2022 ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டத்துடன் சேர்க்கப்பட்டது. வரதய்யபாளையம், சத்யவேடு, தடா ஆகிய மண்டலங்களில் பரந்துள்ள ஸ்ரீசிட்டி தொழில் நகரம் 2008-ல் தொடங்கப்பட்டது. 2020-ல் இந்த மண்டலத்தின் சின்னபாண்டூரில் அப்போலோ டயர்ஸ் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. ஆலைகளைத் தொடர்ந்து வாடகை வீடுகளும் விடுதிகளும் கடைகளும் வந்தன. அவற்றுக்கெல்லாம் சுவர் உண்டு. சுவருக்கு வண்ணம் வேண்டும்.

1960 ஏப்ரல் 1-ம் தேதி நடைமுறைக்கு வந்த எல்லை மாற்றத்தில் திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த சத்யவேடு பகுதி ஆந்திரத்துக்குச் சென்றது. கோடு மாறினாலும் உறவும் தொழிலும் மாறவில்லை. இந்த வாரம் சத்யவேட்டில் வேலை, அடுத்த வாரம் கும்மிடிப்பூண்டியில் வேலை என்பது இப்பகுதித் தொழிலாளிகளுக்குப் புதிதல்ல. சட்டத்துக்குத்தான் அது சிக்கல்.

பத்து, இருபது, ஐம்பது: 1996-ம் ஆண்டு கட்டுமானத் தொழிலாளர் சட்டம், 10 பேருக்கு மேற்பட்டோ, குறைந்தது 10 பேரோ வேலை செய்யும் இடங்களுக்கே பொருந்தியது. 1970-ம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 பேரை வைத்திருக்கும் ஒப்பந்ததாரரிடம் உரிமம் கேட்டது. 2025 நவம்பர் 21-ம் தேதி நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் அந்த வரம்பு 50 ஆக உயர்ந்தது. நான்கு பேருடன் வேலை செய்யும் மேஸ்திரி எந்த எண்ணிக்கையிலும் வரவில்லை.

புதிய தொகுப்பு ஒரு நம்பிக்கையையும் தருகிறது. ஒரு மாநிலத்தில் இருந்து மற்றொரு மாநிலத்துக்குத் தாமாகவே வேலைக்கு வருபவரும் புலம்பெயர் தொழிலாளராகக் கருதப்படுவார். வேலை செய்யும் மாநிலத்தின் கட்டுமான நல நிதியில் அவர் பயன்பெற வழி செய்யப்பட வேண்டும் என்கிறது அது. ஆனால், அந்தப் பகுதியும் அத்தகைய தொழிலாளர்கள் 10 பேராவது உள்ள நிறுவனங்களுக்கே பொருந்தும். எல்லை தாண்டும் நால்வர் குழுவுக்கு இங்கும் இடமில்லை.

நல வாரியத்தில் பதிவு செய்வதும் எளிதல்ல. ஓராண்டில் 90 நாள்கள் கட்டுமான வேலை செய்திருக்க வேண்டும் என்பது 1996 சட்டத்தின் விதி. வாரத்துக்கு ஒரு வீடு மாறும் பெயிண்டருக்கு 90 நாள் சான்று தருவது யார்? மத்திய சட்டத்துக்கு முன்பே, 1994-ல் தமிழகம் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தை அமைத்தது. பெயிண்டர்களும் அதன் பட்டியலில் உள்ளனர். ஆயினும், ஒரு மாநில வாரியத்தின் அட்டை எல்லைக்கு அப்பால் பயன்படுவதில்லை.

நிதி இல்லை என்றும் சொல்ல முடியாது. கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நல வரியாக வசூலிக்கப்படுகிறது. ரூ. 37,400 கோடிக்கு மேல் வசூலானதில் ஏறத்தாழ ரூ. 9,500 கோடியே செலவிடப்பட்டிருப்பதை 2018 மார்ச் 19-ம் தேதி அளித்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சுட்டிக்காட்டியது. புதிய தொகுப்பில், சொந்தக் குடியிருப்புக்கான விலக்கு வரம்பு ரூ. 10 லட்சத்திலிருந்து ரூ. 50 லட்சமாக உயர்த்தப்பட்டது. வீடு கட்டுவோருக்கு இது நிம்மதி, நிதிக்கு இழப்பு.

செலவுக் கணக்கு: இத்தொழிலில் ஒப்பந்தம் இரு வகை. வீட்டுக்காரரே பொருள் வாங்கித் தந்தால் கூலி ஒப்பந்தம். மேஸ்திரியே பெயிண்ட், பட்டி, பிரைமர் எல்லாம் வாங்கினால் பொருளுடன் ஒப்பந்தம். இரண்டாவதில் லாபம் கூடுதல், ஆபத்தும் கூடுதல். பழைய சுவரை உப்புத்தாளால் தேய்த்த பிறகே எத்தனை கை பட்டி பிடிக்கும் என்பது தெரியும். சதுர அடிக்கு விலை பேசியாகிவிட்டதால், அந்தக் கூடுதல் செலவு மேஸ்திரியின் தலையில்தான் விழும்.

பெயிண்ட் மீதான ஜி.எஸ்.டி. 2018 ஜூலையில் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அப்படியும் ரூ. 11,800-க்குப் பெயிண்ட் வாங்கினால் அதில் ரூ. 1,800 வரி. ஆண்டு வருவாய் ரூ. 20 லட்சத்தைத் தாண்டாத மேஸ்திரி பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால், செலுத்திய வரியைத் திரும்பப் பெறவும் வழியில்லை. ரூ. 50 லட்சம் வரையுள்ள சேவைத் தொழிலுக்கு 6 சதவீத இணக்க வரித் திட்டம் உண்டு. அதில் சேர்ந்தவர் வேறு மாநிலத்தில் சேவை வழங்கக் கூடாது. வரதய்யபாளையத்தில் பதிவு செய்தவர் அத்திட்டத்தில் சேர்ந்தால் கும்மிடிப்பூண்டி வீட்டுக்கு வண்ணம் பூச முடியாது.

மழைக்காலமும் ஒரு செலவே. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் வெளிச்சுவர் வேலை நின்றுவிடும். பிறகு பொங்கலுக்கு முந்தைய சில வாரங்களில் எல்லா வீட்டுக்காரர்களும் ஒரே நேரத்தில் அழைப்பார்கள். ஆள் கூலி ஏறுவதும் அப்போதுதான்.

யாருடைய ஆள்?: மேஸ்திரியைத் தேடி வருபவை பெயிண்ட் நிறுவனங்கள் மட்டுமே. வாளிக்குள் டோக்கன், பரிசுப் புள்ளி, பயிற்சி என அவரைத் தம் பக்கம் இழுக்கின்றன. மறுபுறம் பெரிய நிறுவனங்களே வண்ணம் பூசும் சேவையையும் நடத்தி, அவரது வாடிக்கையாளரையும் நாடுகின்றன. அரசின் பட்டியலிலோ அவர் இல்லை. 2023 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள் இடம்பெற்றன. கொத்தனார் அதில் உண்டு. அவர் எழுப்பிய சுவருக்கு வண்ணம் பூசுபவர் இல்லை.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பெயிண்டிங் ஒப்பந்ததாரருக்குத் தனி உரிமம் உண்டு. நான்கு ஆண்டு அனுபவம், தேர்வு, 25,000 டாலர் பிணைப்பத்திரம் ஆகியவை தேவை. அதை அப்படியே இங்கு கொண்டுவந்தால் சிறு மேஸ்திரி அழிவார். பெரிய நிறுவனம் வாழும். இங்கு தேவை தடுக்கும் உரிமம் அல்ல, அடையாளம் தரும் பதிவு. 2021-ல் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவு நாடு முழுவதற்கும் ஒரே எண் தருகிறது. ஆனால், அந்த எண் மட்டும் எந்த மாநில வாரியத்தின் கதவையும் திறப்பதில்லை.

மாநிலங்கள் தத்தம் விதிகளை வகுக்கும்போது, தமிழகமும் ஆந்திரமும் ஒன்றின் அட்டையை மற்றொன்று ஏற்பதற்கு உடன்பட்டால் எல்லையோரத் தொழிலாளிக்கு அது முதல் படியாக அமையும். திருப்பதி மாவட்டத்தில் பதிவு செய்த பெயிண்டர் கும்மிடிப்பூண்டியில் சாரம் சரிந்து விழுந்தால், அவருடைய குடும்பம் எந்த அலுவலகத்தின் வாசலில் நிற்க வேண்டும் என்ற கேள்விக்கு அப்போதாவது விடை கிடைக்கும்.