கோதுமையும் வரட்சியும் காற்றின் மாற்றமும்

கீரிமலையிலோ வலிகாமம் வடக்கின் வேறெந்தத் தோட்டத்திலோ நாம் கோதுமை விதைப்பதில்லை. எமது வெப்பத்துக்கு அது சரிவராது. ஆயினும் 1990இல் ஊரை விட்டு எழும்பியபின் நிவாரண அட்டைக்குக் கிடைத்த கோதுமை மாவில்தான் பல முகாம்களில் றொட்டியும் பிட்டும் வெந்தன. காணிகள் கட்டம் கட்டமாக விடுபட்டு, சிலர் திரும்பியும் சிலர் இன்னும் காத்திருந்தும் வாழும் இந்நாளிலும் பாண் வாங்காத வீடு குறைவு. ஆகவே பிறநாட்டு வயலில் கோதுமைக்கு நேர்வது எமக்கும் உரிய செய்தியே.

2010இல் ரஷ்யாவில் கடும் வரட்சி ஏற்பட்டு, அந்நாடு கோதுமை ஏற்றுமதியை நிறுத்தியது. 2022 மார்ச்சில் இந்தியாவில் கதிர் முற்றும் வேளையில் அனல் அடித்தது. மே 13இல் அங்கும் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. அவ்வாண்டு எமது பாண் விலை ஏறியதற்கு ரூபாவின் வீழ்ச்சியே முதற் காரணம் என்றாலும், உலகச் சந்தையின் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது.

"காற்றில் காபனீரொட்சைட்டு கூடினால் பயிருக்கு நல்லதுதானே?" என்று சிலர் கேட்பர். அதில் ஓரளவு உண்மை உண்டு. பயிர் தன் உணவை ஆக்குவது அந்த வாயுவைக் கொண்டே. இலையிலுள்ள நுண்ணிய இலைவாய்கள் வழியே வாயு உள்ளே போகும். அதே வாசலால் நீராவி வெளியேறும். கைத்தொழில்கள் பெருகுமுன் பத்து இலட்சம் பங்கு காற்றில் 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. எனவே பயிர் வாசலைச் சற்று ஒடுக்கியும் போதிய உணவைப் பெறுகிறது, நீர் மிச்சமாகிறது.

அமெரிக்காவின் அரிசோனாவிலும், 2007 முதல் அவுஸ்திரேலியாவின் ஹோர்ஷம் என்னும் ஊரிலும், திறந்த வயலைச் சுற்றிக் குழாய் அமைத்து இவ்வாயுவைக் கூடுதலாக விட்டுப் பார்த்தனர். கோதுமை விளைச்சல் கூடியது. அரிசோனாவில் நீரைக் குறைத்துப் பாய்ச்சிய பாத்திகளில் இந்த ஆதாயம் இன்னும் நன்றாகத் தெரிந்தது.

ஆனால் இதை நம்பி இருக்க முடியாது. வாயு நீரைச் சிக்கனப்படுத்துமே தவிர மழையைத் தராது. சிலவேளை பயிர் தொடக்கத்தில் செழித்து இலை விட்டு, மண்ணின் ஈரத்தை முன்னதாகவே உறிஞ்சி முடித்துவிடும்; கதிர் முற்றும்போது நீர் இராது, மணி சப்பையாகும். வெப்பமோ வேறு வழியால் கெடுக்கிறது. உலக வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் கோதுமை விளைச்சல் ஏறத்தாழ ஆறு வீதம் குறையும் என ஆய்வாளர் கணித்துள்ளனர்.

எம்மை அதிகம் கவலைப்படுத்துவது கண்ணுக்குத் தெரியாத இழப்பு. 2014இல் வெளியான ஆய்வொன்றின்படி, இவ்வாயு 550 பங்களவில் இருந்த வயல்களில் விளைந்த கோதுமையில் நாகச்சத்து 9 வீதமும், புரதம் 6 வீதமும், இரும்பு 5 வீதமும் குறைந்தன. நெல்லிலும் புரதம் குறைந்தது. மாப்பொருள் கூடிய அளவுக்கு மற்றச் சத்துக்கள் கூடவில்லை. மூட்டையின் நிறை அதேதான். அதை உண்ணும் பிள்ளைக்குக் கிடைப்பது குறைவு. மாவையே நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இது சிறிய விடயமல்ல.

குரக்கன், சாமை, தினை, இறுங்கு, சோளம் என்பன வேறு இனம். அவை காபனீரொட்சைட்டை இலைக்குள்ளேயே திரட்டிப் பயன்படுத்தும் அமைப்புடையவை. குறைந்த நீரிலும் வெயிலிலும் தாங்கும். காற்றிலுள்ள வாயு கூடுவதால் அவற்றுக்குப் பெரிய ஆதாயமில்லை. ஆனால் மேற்சொன்ன ஆய்வில் இறுங்குக்கும் சோளத்துக்கும் ஏற்பட்ட சத்திழப்பும் குறைவே. குரக்கனில் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. திரும்பக் கிடைத்த காணியில் சிறு துண்டையாவது குரக்கனுக்கு ஒதுக்குவது நல்லதென்பது எமது எண்ணம். குரக்கன் மாவைக் கோதுமை மாவுடன் பாதிக்குப் பாதி கலந்து பிட்டு அவித்தால் பிள்ளைகளும் மறுக்கமாட்டார்கள்.

எந்தப் பயிரானாலும் தண்ணீர் கிணற்றிலிருந்தே வரவேண்டும். மாரி மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளால் இறங்கிக் கடலோரத்தில் வெளிவருவதே கீரிமலை ஊற்று. எமது கிணறுகளிலும் அதே மழைநீர்தான், கீழேயுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. மழை குறைந்த ஆண்டில் யந்திரத்தால் ஒட்ட இறைத்தால் உவர் மேலேறும். நீரில் உப்புத் தட்டினால் உடனே இறைப்பை நிறுத்திக் கிணற்றை ஊறவிடுங்கள். மறுமுறை இறைக்கும்போது நேரத்தைக் குறையுங்கள்.