தாத்தாவின் ஆயுசு பேரனுக்கு வருமா?

போன மாதம் 47 வயதுக்காரர் ஒருவர் வந்தார். நாடி பார்க்கக் கையை நீட்டியபடியே, ‘‘எங்க தாத்தா 96 வயசு வரைக்கும் சுருட்டு பிடிச்சவருங்கய்யா. எங்க வம்சமே கெட்டி உடம்பு’’ என்றார். ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். வெறும் வயிற்றில் சர்க்கரை 240! டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தானாகவே நிறுத்தியிருக்கிறார். தாத்தா மேல் அவ்வளவு நம்பிக்கை.

அது முழுக்கப் பொய்யும் இல்லை. அமெரிக்காவில் நூறு வயதைக் கடந்தவர்களின் குடும்பங்களை ஆராய்ந்து 2002-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். அவர்களின் கூடப்பிறந்த ஆண்கள் நூறைத் தொடும் வாய்ப்பு மற்றவர்களைப் போல் 17 மடங்காம். பெண்களுக்கு 8 மடங்கு. ஆனால் நூறைத் தொடுவதே அபூர்வம். 17 மடங்கு ஆனாலும் பெரும்பாலோருக்கு அது எட்டாக்கனிதான்.

உலகிலேயே அதிக நாள் வாழ்ந்ததாகப் பதிவானவர் பிரான்ஸ் நாட்டு ழான் கால்மான் அம்மையார். 1875-ல் பிறந்து 1997-ல் மறைந்தார், வயது 122! அவருடைய அண்ணனும் 97 வரை இருந்தார். சரி, அம்மையாரின் ஒரே மகள்? 1934-லேயே நோயில் போய்விட்டார். ஒரே பேரனை 1963-ல் கார் விபத்து கொண்டுபோனது.

டென்மார்க், பின்லாந்து, ஸ்வீடன் நாடுகளின் இரட்டையர்களை வைத்து 2006-ல் வந்த ஆய்வு இன்னொன்று சொல்கிறது. 60 வயதுக்கு முன்பு ஆயுளில் பரம்பரையின் பங்கு மிகச் சொற்பம். அதற்குப் பிறகுதான் அதன் கை ஓங்குகிறது. அதாவது தாத்தா எழுதி வைத்த சொத்து உங்கள் கைக்கு வர, முதலில் நீங்கள் அறுபதைத் தாண்டியாக வேண்டும்!

உடல்வாகு தாய் தந்தை வழியாக வருவது என்று சித்த மருத்துவத்தில் நாங்களும் சொல்கிறோம். உணவையும் உழைப்பையும் விட்டுவிட்டுச் சொல்வதில்லை.

‘‘தாத்தா என்ன வேலை செஞ்சார்?’’

‘‘ஏர் ஓட்டினார், கமலை இறைச்சார்.’’

‘‘நீங்க?’’

‘‘உக்காந்த வேலைங்கய்யா.’’

‘‘அப்பா இருக்காரா?’’

கொஞ்ச நேரம் பேசவில்லை. ‘‘58-லயே போய்ட்டாருங்க. சர்க்கரைதான்.’’

பாருங்கள், 96 நினைவிருக்கிறது, 58 மறந்துபோயிற்று! கஷாயம் கேட்டார்; தரவில்லை. மாத்திரை கொடுத்த டாக்டரிடமே முதலில் போகச் சொன்னேன்.

நீங்களும் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்: யார், எந்த வயதில், எதனால் போனார்கள்? இரண்டு பக்கத்து உறவையும் எழுதுங்கள். சர்க்கரை, மாரடைப்பு சின்ன வயதிலேயே வந்திருந்தால் அந்தத் தாளை டாக்டரிடம் காட்டுங்கள். அவரும் எழுதிக்கொண்டு வந்தார். அப்பாவுக்குக் கீழே இரண்டு சித்தப்பாக்கள், ஒரு அத்தை. மூன்று பேருக்குமே சர்க்கரை.